மீன் பெட்டியில் இடித்த கார்: கிளெய்ம் போடுவதா, கையோடு முடிப்பதா?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இன்று காலை ஏர்வாடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது, ஓரமாக நின்ற டிவிஎஸ் எக்ஸ்எல்லில் காரின் இடது முன்பக்கம் இடித்துவிட்டது. எக்ஸ்எல்லில் மீன் பெட்டி. மீன்காரருக்குக் காலில் சிராய்ப்பு, கணுக்கால் வீக்கம். பெட்டி உடைந்து நகரை மீன் ரோட்டில் கொட்டிவிட்டது. கூட்டம் கூடியதும் 5,000 ரூபாய் கொடுத்து, "இனிமேல் எந்தப் பிரச்சினையும் செய்யமாட்டேன்" என்று ஒரு நோட்டுத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. காரில் பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர் அடி. பட்டறையில் 20,500 ஆகும் என்கிறார்கள். தப்பு தன்மேல்தான், இன்சூரன்ஸ் கிடைக்குமா, கிளெய்ம் போடுவது லாபமா என்று கேட்கிறார். கார் துபாயில் இருக்கும் அண்ணன் பேரில் இருக்கிறது என்பதைக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறார். அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் வருகிறேன்.

ராமநாதபுரத்தில் 20 வருஷத்துக்கு மேல் வண்டி இன்சூரன்ஸ் போட்டுக்கொடுத்து, பிறகு அதே ஆட்களோடு கிளெய்முக்கும் அலைந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். தப்பு உங்கள்மேல் என்பதற்காகக் கம்பெனி உங்கள் காருக்குப் பணம் தராமல் இருக்க முடியாது. முழுப் பாலிசி எடுப்பதே நம் கவனக்குறைவுக்கும் சேர்த்துத்தான். குடித்திருந்தால், ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாவிட்டால், சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டியிருந்தால் கிடைக்காது. இந்தக் கடைசி விஷயம் நம் பக்கம் சகஜம். அமாவாசைக்கு ராமேஸ்வரம், தேவிபட்டினம், திருப்புல்லாணி என்று வெள்ளை போர்டு காரில் ஆளேற்றிக்கொண்டு போவார்கள். இடித்தபிறகு வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் "சொந்தக்காரங்க" ஆகிவிடுவார்கள். சேதத்தைப் பார்க்கக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் அந்தச் சொந்தக்காரரிடம் உங்கள் அப்பா பெயரைக் கேட்டால் தெரிந்துபோகும்.

உங்கள் விஷயத்தில் மூன்று கணக்கு இருக்கிறது: கால், மீன், கார். மூன்றையும் ஒரே முடிச்சில் போட்டு 5,000 ரூபாயில் தீர்த்ததாக நினைத்தீர்கள். தீர்ந்தது மீன் கணக்கு மட்டும்.

கால் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் மணி ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134 ஓட்டுநருக்கு மூன்று வேலை வைக்கிறது. அடிபட்டவரைப் பக்கத்து டாக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோக வேண்டும். போலீஸ் அங்கே இல்லையென்றால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாததற்கு விலக்கு உண்டு. சட்டத்தை எழுதியவர்களுக்கும் நம் ஊர் ரோடு தெரிந்திருக்கிறது. ஸ்டேஷனில் சொல்வதற்கு அந்தச் சலுகை இல்லை. செய்யாவிட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"அதான் எழுதி வாங்கிட்டேனே" என்பீர்கள். அந்தத் தாளை வைத்து எதையும் தடுக்க முடியாது. நான் பார்த்த கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். முதல் நாள் அடிபட்டவர் காலை உதறிக்கொண்டு எழுந்து போவார். ராத்திரி வீக்கம் ஏறும். மூன்றாம் நாள் கால் ஊன்ற முடியாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார். "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார்கள். "கார் இடிச்சிருச்சு" என்ற அந்த ஒரு வார்த்தை விபத்துப் பதிவேட்டில் ஏறும், அதன் தகவல் ஸ்டேஷனுக்குப் போகும். அந்தப் பக்கத்தின் நகலைத்தான் ஏஆர் காப்பி என்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பில் விரிசல் என்றால் அது சட்டப்படி கொடுங்காயம். பிரிவு 164-இல், யார்மேல் தப்பு என்று நிரூபிக்கத் தேவையே இல்லாமல் கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் கேட்கலாம். நட்டம் இதற்கு மேல் என்றால் பிரிவு 166-இல் எம்சிஓபி எனப்படும் விபத்து நட்டஈட்டு வழக்குப் போடலாம். விபத்து நடந்த இடம், அவர் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் என எந்தப் பகுதித் தீர்ப்பாயத்திலும் போடலாம். அப்போது மீன்காரரைக் குறை சொல்லாதீர்கள். கால் நடக்கவில்லையென்றால் அவருக்கு அன்றைக்கு அடுப்பு எரியாது.

வழக்கு வந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியது கம்பெனி. ஆள் காயத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்சவரம்பு கிடையாது. அதற்குத்தான் வருஷா வருஷம் கட்டுகிறீர்கள். உங்கள் காருக்கு, 1,000 முதல் 1,500 சிசிக்குள் இருப்பதால், 2022 ஜூன் 1 முதல் அறிவித்த கட்டணம் 3,416 ரூபாய். ஆனால் விபத்து நடந்ததே கம்பெனிக்குத் தெரியாமல், ஆறு மாதம் கழித்துக் கோர்ட் சம்மனில் முதல்முறை தெரிய வந்தால் என்ன ஆகும்? கம்பெனி வக்கீல் உங்கள் பக்கம் நிற்பதற்குப் பதிலாக, உங்கள் கார்தான் இடித்ததா, ஓட்டியது நீங்கள்தானா என்று உங்களிடமே தொடங்குவார்.

ஆகவே இன்று சாயந்தரமே அவரைக் கீழக்கரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுங்கள். எக்ஸ்ரே எடுக்காமல் "ஒண்ணும் இல்லண்ணே" என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்வதில் பிரயோசனம் இல்லை. அங்கிருந்து ஸ்டேஷன். ரைட்டரிடம் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கேட்டு வாங்குங்கள். அடிபட்டவர் புகார் கொடுத்தால் எஃப்ஐஆர் ஆகலாம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு அது பாரதிய நியாய சன்ஹிதா 281, 125 என்ற எண்களில் வரும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 337 தான் அது. எஃப்ஐஆர் ஆனால் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்வரை காரைப் பட்டறையில் பிரிக்காதீர்கள். இரண்டு நாள் வண்டி இல்லாமல் இருப்பது தொல்லைதான். எனக்குத் தெரிந்து அதற்குக் குறுக்கு வழி எதுவும் நன்றாக முடிந்ததில்லை.

எழுதும்போது ஒரு கவனம். என்ன நடந்தது என்று எழுதுங்கள்: எத்தனை மணி, எந்தத் திசையில் வந்தீர்கள், எக்ஸ்எல் எங்கே நின்றது. "முழுப் பொறுப்பும் என்னுடையது, எல்லாச் செலவும் ஏற்கிறேன்" என்று எழுத வேண்டாம். கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்பது எல்லாக் கார் பாலிசியிலும் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற நிபந்தனை.

அப்படியென்றால் கொடுத்த 5,000? என் அபிப்பிராயம் கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்காது. கொடுத்தது சரிதான். மீன் சாயந்தரம்வரை தாங்காது, கோர்ட் வருஷக்கணக்கில் தாங்கும். எதிராளியின் பொருள் சேதத்துக்கு உங்கள் பாலிசியில் 7,50,000 ரூபாய் வரை இடம் உண்டு. ஆனால் அதை வாங்க அவர் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இடித்தவருடைய கம்பெனிக் கவுண்டரில் போய் நின்றால் மறுநாள் பணம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி நடப்பதில்லை. 15, 20 கிலோ நகரைக்கும் ஒரு தெர்மாகோல் பெட்டிக்கும் எந்த மீன்காரர் வக்கீல் வைப்பார்? எனவே அது உங்கள் கைக்காசு, மனிதாபிமானமாகக் கொடுத்தது, கம்பெனியிடம் திரும்பக் கேட்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டுத் தாளை மட்டும் "மீனுக்கும் பெட்டிக்கும் பெற்றுக்கொண்டேன்" என்று மாற்றி எழுதி வாங்குங்கள். காலையும் மீனையும் ஒரே வரியில் எழுதிய தாளை நாளை யாரும் மதிக்கமாட்டார்கள்.

இனி கார். பட்டறையில் உங்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருப்பார்கள்: "சுவத்துல இடிச்சதா போட்டுருவோம்ணே, எதுக்குப் போலீஸு கீலீஸுன்னு." இதைக் கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை. கிளெய்ம் படிவத்தில் மூன்றாம் நபருக்குக் காயமோ சேதமோ உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "இல்லை" என்று எழுதிய அந்தப் பொய்தான் பிறகு கழுத்தைப் பிடிக்கும், காலுக்கு வழக்கு வரும்போது கம்பெனியின் கையில் நீங்களே கொடுத்த ஆயுதமாக. மேலும் சர்வேயர்கள் முட்டாள்கள் இல்லை. ஒருமுறை பெரியபட்டினம் பக்கத்து வண்டி ஒன்று, "வீட்டுக் கேட்டில் இடித்தது" என்று வந்தது. சர்வேயர் பம்பரைத் தொடக்கூட இல்லை. உடைந்த ஹெட்லைட் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பல்புக்குப் பின்னால் வெள்ளி மாதிரி நாலைந்து செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்து, "உங்க வீட்டு கேட்டுல சூடை மீனு தொங்குமா?" என்று கேட்டார். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

நடந்தபடி சொல்லியே கிளெய்ம் போடலாம். போட வேண்டுமா என்பதற்குக் கணக்குப் பார்ப்போம். உங்கள் பாலிசித் தாளின் படத்தை அனுப்பியது நல்லதாயிற்று. கார் வாங்கி நாலு வருஷம் தாண்டி அஞ்சு முடியவில்லை. ஜீரோ டெப், அதாவது சாமானுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் வசதி, இல்லை. என்சிபி, அதாவது கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 45 சதவீதம். தள்ளுபடிக்கு முந்திய சொந்தச் சேதப் பிரீமியம் 9,000 என்று வைத்துக்கொள்கிறேன்.

பட்டறைக்காரர் சொன்ன 20,500-ஐப் பிரித்தால் பம்பர் 4,000, ஹெட்லைட் 5,000, ஃபெண்டர் 3,000, பெயிண்ட் 6,000, கூலி 2,500. பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குப் பாதிதான் கம்பெனி தரும். ஆக பம்பருக்கு 2,000, ஹெட்லைட்டுக்கு 2,500. தகரத்துக்கு இந்த வயசுக் காரில் 35 சதவீதம் கழிவு, ஃபெண்டருக்கு 1,950. பெயிண்ட் வேலையில் கால்வாசியைச் சாமான் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 5,250 நிற்கும். கூலி முழுசாக 2,500. கூட்டினால் 14,200. அதில் நம் பங்காகப் பிடிக்கும் கட்டாயக் கழிவு 1,000 போக கையில் வருவது 13,200. மிச்சம் 7,300 உங்கள் பை.

இப்போது மறுபக்கம். கிளெய்ம் போடாமல் புதுப்பித்தால் அடுத்த வருஷம் என்சிபி 50. போட்டால் சுழியம், அங்கிருந்து 20, 25, 35, 45 என்று மறுபடி படியேற வேண்டும். 9,000 ரூபாயில் அந்த வித்தியாசம் முதல் வருஷம் 4,500, அடுத்து 2,700, அடுத்து 2,250, 1,350, 450. ஐந்து வருஷத்தில் 11,250. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 13,275. அதாவது 13,200 வாங்குவதற்கு 13,275 கொடுக்கிறீர்கள். கார் பழசாக ஆகப் பிரீமியமும் இறங்கும், நடுவில் வேறொரு விபத்து வந்தால் இந்தக் கணக்கே மாறும். ஆனாலும் 75 ரூபாய் நட்டத்துக்கு யாராவது பட்டறைக்கும் ஆபீசுக்கும் பத்து நடை நடப்பார்களா? நான் நடக்கமாட்டேன். உங்களிடம் ஜீரோ டெப் இருந்திருந்தால் 19,500 வந்திருக்கும், அப்போது கண்ணை மூடிக்கொண்டு போடு என்பேன். என்சிபி பாதுகாப்பு என்று ஒரு கூடுதல் வசதி விற்கிறார்கள், அது இருந்தாலும் பதில் வேறு.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தெரிவிப்பது வேறு, கிளெய்ம் வாங்குவது வேறு. கம்பெனிக்கு இன்றே தகவல் சொல்லுங்கள், கிளெய்ம் எண் வரும். பிறகு "என் காருக்குச் சொந்தச் சேதம் கேட்கவில்லை" என்று மெயில் போட்டு, பணம் வாங்காமல் மூடியதற்குப் பதில் மெயில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூடாமல் தொங்கிக்கொண்டிருந்தால் புதுப்பிக்கும் நேரத்தில் என்சிபி காட்டாது. மீன்காரரின் காலுக்குக் கம்பெனி பின்னால் பணம் கொடுக்க நேர்ந்தாலும் அது உங்கள் என்சிபியைத் தொடாது. என்சிபி சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும் உரியது. இது தெரியாமல்தான் பாதிப்பேர் காயம்பட்ட கேஸையும் மறைக்கிறார்கள்.

பம்பரைக் கழற்றியபிறகு 20,500 என்பது 35,000 ஆகிவிட்டால்? அப்போது கிளெய்ம் பக்கம் சாயலாம். ஆகவே முடிவெடுக்கும் முன் (எஃப்ஐஆர் ஆகியிருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்தபிறகு) பட்டறையில் படம் எடுத்துக்கொண்டு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் மாற்ற விடாதீர்கள்; சர்வேயர் பார்க்காமல் மாற்றிய சாமானுக்குப் பணம் கேட்பது வீண். நம் கடற்கரை வண்டிகளுக்கு இன்னொரு வியாதி இருக்கிறது. உப்புக் காற்று. வெளியே பெயிண்ட் பளபளக்கும், பம்பரை இழுத்தால் உள்ளே பிராக்கெட் அப்பளம் மாதிரி உதிரும். சர்வேயர் சாவியால் ஒரு கீறு கீறிப் பார்த்து "பழைய துரு" என்று எழுதிவிடுவார். தேய்மானத்துக்குப் பாலிசியில் இடமில்லை. அதில் சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. புதிதாக மடங்கிய தகரத்தையும் பழைய துருவையும் தனித்தனியாகக் காட்டும் படம் இருந்தால், மடங்கியதற்காவது வாதாடலாம்.

முன்பக்கம் அடி என்பதால் ரேடியேட்டரையும் பாருங்கள். என் சொந்த அனுபவம் சொல்கிறேன். உச்சிப்புளிக்குப் பக்கத்தில், முன்னால் நின்ற லோடு வண்டியில் மெதுவாகத்தான் முட்டினேன். பம்பர் மட்டும்தானே என்று ராமநாதபுரம் வரை ஓட்டிவந்துவிட்டேன். வழியில் சூட்டு முள் ஏறியதைப் பார்த்தும், வீடு வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இஞ்சின் ஹெட் போய்விட்டது. கம்பெனி ரேடியேட்டருக்குக் கொடுத்தது, இஞ்சினுக்குக் கொடுக்கவில்லை. விபத்துக்குப் பிறகு பழுதோடு ஓட்டியதால் கூடிய சேதம் ஓட்டியவர் பொறுப்பு என்பதும் அதே பொடி எழுத்தில் இருக்கிறது. இன்சூரன்ஸ் விற்கிறவனே அதைப் படிக்காமல் ஓட்டியிருக்கிறேன். உங்கள் கார் நின்ற இடத்தில் தரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் சொட்டியிருந்தால் கயிறு கட்டி இழுங்கள்.

கிளெய்ம் போட்டு நியாயமில்லாமல் நிராகரித்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் எனும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏ 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை நம்பித் தாமதிக்க வேண்டாம்; தாமதித்துவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

கடைசியாகத் துபாய் அண்ணன். ஆர்சி, பாலிசி இரண்டும் அவர் பேரில் இருந்து, நீங்கள் லைசென்ஸோடு ஓட்டியிருந்தால் குற்றமில்லை. தம்பி ஓட்டலாம். ஆனால் கிளெய்மில் கையெழுத்துப் போட வேண்டியவர், பணம் வாங்க வேண்டியவர், மூடச் சொல்லி மெயில் அனுப்ப வேண்டியவர் எல்லாம் அவர்தான். வழக்கு வந்தால் உரிமையாளர் என்று அவரையும் சேர்ப்பார்கள். அவரிடமிருந்து காரை நீங்கள் விலைக்கு வாங்கி, ஆர்சியை மட்டும் மாற்றிப் பாலிசியை மாற்றாமல் விட்டிருந்தால் விஷயம் வேறு: மூன்றாம் நபர் பகுதி வண்டியோடு தானாக உங்களிடம் வரும், சொந்தச் சேதத்துக்கு 14 நாளில் கம்பெனியிடம் மாற்றக் கேட்டிருக்க வேண்டும். கீழக்கரையில் பாதிக் கார்கள் இப்படி வேறொருவர் பேரில் ஓடுவது எனக்குத் தெரியும்.

பாலிசியில் கொடுத்த போன் நம்பர் அவருடைய பழைய இந்திய நம்பராக இருந்தால் ஓடிபி எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். அந்த சிம் இப்போது உங்கள் அம்மாவின் பட்டன் போனில் கிடக்கலாம். மீன்காரரை எக்ஸ்ரேக்கு உட்காரவைத்துவிட்டு, அந்த வரிசை நகர்வதற்குள் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்; துபாயில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்தான், வேலை முடிந்திருக்காது, இருந்தாலும் எடுப்பார்.